சாட்ஸ்வொர்த் மாளிகைக்காக ஒரு கிராமம் இடிக்கப்பட்டதா?

இங்கிலாந்தின் டார்பிஷரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பார்த்துத் திரும்பிய நீங்கள், அங்கே காதில் விழுந்த ஒரு கதை உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். மாளிகையின் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது என்பதற்காக, எதிரே இருந்த கிராமத்தை டியூக் ஒருவர் இடித்து மறைவான இடத்துக்குத் தள்ளினார் என்பதும், ஒரே ஒரு கிழவர் மட்டும் அசைய மறுத்ததால் அவருடைய வீடு இன்றும் தனியே நிற்கிறது என்பதும் அந்தக் கதை. கூடவே, நம் கடைத்தெருவில் விற்கும் பச்சை வாழைப்பழம் அந்த மாளிகைத் தோட்டத்திலிருந்து வந்ததுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு அடியில் இருப்பது, ஒரு நிலவுடைமையாளரால் அப்படிச் செய்ய முடிந்ததா, குடியிருந்தவர்களுக்கு எந்த உரிமையும் இருக்கவில்லையா என்ற சந்தேகம்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பழைய கட்டிடங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் துறையில் பயின்றவன் நான். ஷெஃபீல்டில் தங்கி வேலை பார்த்த ஆண்டுகளில் விடுமுறை நாள்களைப் பெரும்பாலும் அந்தப் பூங்காவில் நடந்தே கழித்திருக்கிறேன். கல், கூரை, நில அமைப்பு ஆகியவற்றைப் பற்றி ஓரளவு துணிந்து பேசுவேன். தாவரவியல் என் துறை அன்று. ஆகவே வாழையைப் பற்றிய பகுதியை ஓர் ஆர்வலன் எழுதியதாகவே வாசியுங்கள்.

அந்தக் கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'ஈடன்சோர்' என்று வாசிக்கத் தோன்றும். அக்கம்பக்கத்தார் 'என்சர்' என்றுதான் சொல்கிறார்கள். 1086-இல் முதலாம் வில்லியம் எடுக்கச் செய்த நிலக் கணக்கெடுப்பிலேயே என்சர், சாட்ஸ்வொர்த் ஆகிய இரண்டு பெயர்களும் உள்ளன. அதாவது, மாளிகை எழும்புவதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே டெர்வென்ட் ஆற்றங்கரையில் ஊர் இருந்தது. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளைக் கையகப்படுத்தியபோது, அந்தப் பணியில் அதிகாரியாக இருந்து செல்வம் சேர்த்தவர் சர் வில்லியம் கேவண்டிஷ். அவருடைய மனைவி பெஸ் இதே மாவட்டத்தைச் சேர்ந்தவர். 1549-இல் 600 பவுன் கொடுத்து அவர்கள் வாங்கிய இந்த நிலம் இன்றுவரை அதே குடும்பத்தோடு பிணைந்திருக்கிறது. (டார்பிஷரில் வாழும் குடும்பத்துக்கு 'டெவன்ஷர் டியூக்' என்ற பட்டம் எப்படி வாய்த்தது என்று யாரும் குழம்ப வேண்டாம், பட்டத்தின் ஊரும் வாழும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் ஆங்கிலப் பிரபுக்களுக்கு இல்லை.) பெஸ் கட்டிய மாளிகையும் இன்று நிற்பது அன்று. முதல் டியூக் 1680-களின் பிற்பகுதியில் தொடங்கி, ஒவ்வொரு பக்கமாக இடித்துக் கட்டிக்கொண்டே போய், 1707-இல் தாம் இறக்கும் தறுவாயில்தான் முடித்தார். ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிருந்த காலத்தில் பல தடவை இங்கே வைக்கப்பட்டிருந்தது உறுதியான வரலாறு. ஆனால் இன்றைய மாளிகையில் அவர் பெயரால் வழங்கும் அறைகளின் சுவர்களை அவர் கண்டிருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு: இத்தகைய மாளிகைகளில் கதைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகின்றன, கற்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இனி கிராமத்துக்கு வருவோம். இடித்தது உண்மை. ஆனால் ஒரே டியூக் ஒரே மூச்சில் செய்த வேலை அன்று அது. ஏறத்தாழ எண்பது ஆண்டு இடைவெளியில், இரண்டு பேர், இரண்டு வெவ்வேறு மனநிலைகளில் செய்தது. முதலாமவர் 1755-இல் பட்டத்துக்கு வந்த நான்காம் டியூக். அடுத்த ஆண்டே சில மாத காலம் பிரிட்டனின் பிரதமராகவும் இருந்தவர். அவர் எடுத்த முக்கியமான முடிவு கிராமத்தைப் பற்றியது அன்று, பாதையைப் பற்றியது. மாளிகையை அணுகும் வழி மேற்கிலிருந்து இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். மேற்கே இருப்பது ஆறு. ஆற்றுக்கு அப்பால் என்சர். ஆகவே கட்டிடக் கலைஞர் ஜேம்ஸ் பெயினைக் கொண்டு மூன்று வளைவுகளுடைய புதிய கற்பாலம் ஒன்றைக் கட்டினார். 'வல்லமை பிரவுன்' என்று பட்டப்பெயர் பெற்ற லான்சலாட் பிரவுனைக் கொண்டு ஆற்றின் இருபுறச் சரிவுகளையும் புல்வெளியாக்கினார். அந்தக் காட்சிக்குள் வந்த என்சர் வீடுகள் அப்போது அகற்றப்பட்டன. கதையைச் சொல்கிறவர்கள் விட்டுவிடும் ஒரு செய்தி இங்கே இருக்கிறது. கிராமத்து வீடுகளோடு, மாளிகையின் சொந்தக் குதிரை லாயங்களையும் அலுவல் கட்டிடங்களையுங்கூட அவர் இடித்தார். இன்று உணவகமும் கடைகளுமாக நீங்கள் பார்த்த பெரிய லாயம், அதற்குப் பதிலாக வேறிடத்தில் பெயின் கட்டியது.

ஆகவே ஜன்னலிலிருந்து வெளியே பார்த்த பார்வையைவிட, வெளியிலிருந்து வருகிற விருந்தாளியின் பார்வைதான் இங்கே பெரிதாக வேலை செய்திருக்கிறது என்பது என் கணிப்பு. அந்தப் பாலத்தை ஒரு மாலை நேரத்தில் மேற்கிலிருந்து நடந்து கடந்தால் இது விளங்கும். பாதை நேராக மாளிகையை நோக்கிப் போவதில்லை. சரிந்து வளைந்து இறங்குகிறது. மாளிகை பக்கவாட்டில் மெல்லத் திரும்பி முகம் காட்டுகிறது. மேற்கு முகப்பின் ஜன்னல் சட்டங்களில் தங்க ரேக்கு ஒட்டியிருப்பார்கள். சாயும் வெயில் நேரே அதில் விழும்போது, கண்ணாடி எது, சட்டம் எது என்று தெரியாதபடி முகப்பு முழுவதும் எரிவதுபோல் இருக்கும். (வர்ணத்தைவிடத் தங்க ரேக்கு வெயிலுக்கும் மழைக்கும் நெடுநாள் தாங்கும் என்பதால் அது வெறும் ஆடம்பரம் அன்று என்பதையும் என் துறைக்காரனாகச் சொல்லிவைக்கிறேன்.) அந்தக் காட்சிக்கு நடுவே அடுப்புப் புகையும் பன்றிக் கொட்டிலும் துணி உலர்த்தும் கொடியும் இருக்கக் கூடாது என்பதே நான்காம் டியூக்கின் எண்ணம். ஒரு நாடக மேடையிலிருந்து வேண்டாத பொருள்களை அப்புறப்படுத்துவது போலத்தான் அவர் லாயத்தையும் வீடுகளையும் அப்புறப்படுத்தினார். லாயத்துக் குதிரைக்கும் வீட்டு மனிதருக்கும் இடையே அவர் வேறுபாடு காணவில்லை என்பது அவருக்குச் சாதகமான வாதமா பாதகமான வாதமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

'இயற்கையான' பூங்கா என்று பலரும் அதை வியக்கிறார்கள். ஆற்றின் கரை, சரிவின் வளைவு, மரக்கூட்டம் நிற்கும் மேடு எல்லாம் மண்வெட்டியால் செய்தவை. சுமார் 1,000 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவின் புல்லுக்கு அடியில் பழைய நிலம் அப்படியே கிடக்கிறது. பழங்காலக் குடியானவர்கள் ஒரே திசையில் திரும்பத் திரும்ப ஏரோட்டியதால் உண்டான மேடும் சாலும் இன்னும் அலைஅலையாகத் தெரியும்; பூங்காவான பிறகு யாரும் அங்கே உழவில்லை என்பதால்தான் அவை அழியாமல் இருக்கின்றன. 2018-ஆம் ஆண்டுக் கடும் கோடையில் இதைவிட விந்தையான ஒன்று நடந்தது. மாளிகையின் தெற்குப் புல்தரை காய்ந்தபோது, முதல் டியூக் காலத்தில் 1699-இல் அமைத்த அலங்காரத் தோட்டத்தின் பாத்திகளும் பாதைகளும் கோலம் போட்டதுபோல் புல்லில் வெளிப்பட்டன. அந்தத் தோட்டத்தை மூடிப் புல் விரித்தது 1730 வாக்கில், நான்காம் டியூக் பட்டத்துக்கு வருவதற்கு முன்பே. தம் முன்னோர் பெரும்பொருள் செலவழித்துப் போட்ட தோட்டத்தையே விட்டுவைக்காத குடும்பம் கிராமத்தை விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாம் கட்டம் ஆறாம் டியூக்கினுடையது. 21 வயதில், 1811-இல், பட்டத்துக்கு வந்து, கடைசிவரை மணம் செய்துகொள்ளாமல் 1858-இல் இறந்தவர். அவருடைய பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டிய பெயர் ஜோசஃப் பாக்ஸ்டன். 1826 மே 9 அன்று, 22 வயதுத் தோட்டக்காரராக அவர் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்த விவரத்தை அவரே எழுதியிருக்கிறார்: விடியற்காலை நாலரை மணிக்கு வந்து, கதவு திறக்க ஆளில்லாததால் சுவர் ஏறிக் குதித்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆள்களை வேலையில் இறக்கி, மாளிகைப் பராமரிப்பாளர் அம்மையாருடன் காலை உணவு உண்டு, அவருடைய உறவுப் பெண் சாராவிடம் மனத்தைப் பறிகொடுத்து, இத்தனையும் ஒன்பது மணிக்குள் முடித்ததாக. சாராவை அவர் மறு ஆண்டே மணந்தார். பிற்காலத்தில் 1851-ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சிக்கான 'கிரிஸ்டல் பேலஸ்' என்ற கண்ணாடி மாளிகையை வடிவமைத்தவர் இவரே. எஞ்சியிருந்த என்சரை 1838-க்கும் 1842-க்கும் இடையே இன்றைய இடத்தில் புதிதாக எழுப்பும் பணியை டியூக் அவரிடம் ஒப்படைத்தார். வீடுகளின் வரைபடங்களைப் போட்டவர் டார்பியைச் சேர்ந்த ஜான் ராபர்ட்சன் என்ற கட்டிடக் கலைஞர்.

அந்த ஊருக்குள் நீங்கள் நடந்திருந்தால் கவனித்திருப்பீர்கள், ஒரு வீட்டைப்போல இன்னொரு வீடு இல்லை. ஒன்றுக்கு சுவிட்சர்லாந்து மலைவீட்டைப்போல் நீண்டு தொங்கும் இறவாணம். அடுத்ததற்கு நார்மன் தேவாலயத்து அரைவட்ட வளைவு. அதற்கடுத்ததற்கு டியூடர் காலப் புகைபோக்கி. சற்றுத் தள்ளி இத்தாலியப் பாணியில் ஒரு சிறு கோபுரம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுவது கதவுகளிலும் ஜன்னல்களிலும் பூசிய ஒரே நீல வர்ணம்; அது எஸ்டேட்டின் அடையாள வர்ணம். டியூக் வடிவப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, எதைத் தேர்வது என்று தெரியாமல், 'எல்லாவற்றிலும் ஒவ்வொன்று' என்று சொல்லிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, நான் நம்பவில்லை. இருப்பவை அளவிலும் இடைவெளியிலும் அளந்து வைத்தவை. அவசரத்தில் கைகாட்டியவை அல்ல. சித்திரம்போல் கிராமம் அமைப்பது அன்றைய மேல்தட்டில் பரவியிருந்த நாகரிகம். ராபர்ட்சனோ அத்தகைய வடிவங்களை வரைந்து வெளியிடுவதில் பழகிய கை. முதல் கட்டத்தில் கிராமம் மறைக்கப்பட வேண்டிய பொருளாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில் அதுவே காட்டப்பட வேண்டிய பொருளாகிவிட்டது. இந்த மாற்றம்தான் எனக்கு இடிப்பைவிடச் சுவையானதாகப் படுகிறது. வீடிழந்தவர்கள் தெருவில் விடப்பட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பில்ஸ்லி, பீலி என்ற அருகிலிருந்த எஸ்டேட் கிராமங்களிலும் புதிய என்சரிலுமாக அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். பழைய வீட்டைவிடப் புதியது திடமானது என்பதைக் கட்டுமானத்தைப் பார்த்தே சொல்லலாம்.

ஆனால் அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பது வேறு விஷயம். கேட்க வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. ஒரு கிராமத்தின் வீடுகளும் வயல்களும் ஒரே உடைமையாளருக்குச் சொந்தமாக இருந்து, குடியிருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வாடகைக்காரர்களாக இருந்தால், உரிய அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றுவது அவருடைய உரிமை. கட்டவும் இடிக்கவும் பொது அமைப்பின் அனுமதி வேண்டும் என்ற விரிவான திட்டச் சட்டம் பிரிட்டனில் வந்ததே 1947-இல்தான். குத்தகை நீண்டகாலத்துக்கோ, பெயர் குறிப்பிட்ட மூன்று பேரின் ஆயுள்வரைக்குமோ எழுதப்பட்டிருந்தால் மட்டுமே குடியிருந்தவர் கை ஓங்கியிருந்தது. டார்செட்டில் மில்டன் அப்பாஸ் என்ற சந்தை ஊரை மில்டன் பிரபு 1770-களிலும் 80-களிலும் இப்படி அகற்றியபோது, குத்தகையை விட்டுக்கொடுக்க மறுத்த ஒரு வழக்கறிஞரின் வீட்டுக்குள் அணை நீரைத் திறந்துவிட்டார் என்றும், அவர் நீதிமன்றம் போய் வென்றார் என்றும் அங்கே சொல்வார்கள். அங்கும் புல்வெளியை அமைத்தவர் நம் பிரவுன்தான். இத்துடன் இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்று ஏழைகளைப் பராமரிக்கும் செலவு அந்தந்தத் திருச்சபை ஊரின் நிலவுடைமையாளர்கள் தலையில் விழுந்தது; ஆகவே வீடுகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்வதில் பல பிரபுக்களுக்கு நேரடி ஆதாயம் இருந்தது. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையைப் பல ஊர்களின் கூட்டமைப்புக்கு மாற்றிய பிறகே இந்த ஆதாயம் போயிற்று. இது இங்கிலாந்து முழுவதற்கும் பொருந்திய நிலை; என்சரை இடித்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

தனியே நிற்கும் அந்த ஒற்றை வீட்டின் கதை இங்கேதான் பொருந்திப் பார்க்கத்தக்கது. பூங்காவின் ஊடே போகும் சாலைக்கு ஆற்றுப்புறமாக, பழைய ஊரின் ஒரே எச்சமாக அது நிற்பது உண்மை. அதற்கு வழங்கும் செல்லப்பெயர் 'நாபோத்தின் திராட்சைத் தோட்டம்'. விவிலியத்தில் வரும் நாபோத், தன் முன்னோர் நிலத்தை ஆகாப் அரசனுக்கு விற்க மறுத்து உயிரை இழந்தவன். கிழவர் மறுத்தார் என்ற வடிவமும், கிழவரின் கடைசிக் காலத்தைக் கலைக்க டியூக்குக்கு மனம் வரவில்லை என்ற வடிவமும் ஊரில் உலவுகின்றன. என் கருத்து இது: வாடகைக்காரராக இருந்திருந்தால் மறுப்பதில் பொருளில்லை, ஒரு காகிதத்தில் முடிந்துபோயிருக்கும். செல்லப்பெயரை வைத்தவர்களுக்கு விவிலியம் தெரியும். நாபோத் நிலத்தின் சொந்தக்காரன் என்பதும் தெரியும். ஆகவே சொந்தமோ நீண்ட குத்தகையோ ஏதோ ஒன்று அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். ஊகம் என்பதைத் தாண்டி இதற்கு எடை கொடுக்காதீர்கள். டியூக்கின் கருணை என்ற வடிவம், கருணைக்குரியவரை விட டியூக்குக்கே அதிகம் பயன்படுகிறது என்பது மட்டும் கண்ணில் படுகிறது.

வாழைக்கு வருகிறேன். 1830 வாக்கில் மொரீஷியஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த ஒரு குட்டை வாழையைப் பாக்ஸ்டன் வாங்கிச் சாட்ஸ்வொர்த்தின் வெப்பக் கண்ணாடிக் குடிலில் வளர்த்தார். அது 1835 நவம்பரில் பூத்தது. மறு ஆண்டு நூறு காய்களுக்கு மேல் தாங்கிய தாரோடு தோட்டக்கலைச் சங்கத்தின் பதக்கம் பெற்றது. டியூக்கின் குடும்பப் பெயரைச் சூட்டி அதற்குக் 'கேவண்டிஷ்' என்று பாக்ஸ்டன் பெயர் வைத்தார். மாளிகையின் சீனச் சுவர்த்தாளில் வரைந்திருந்த வாழையைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்தது என்பது இன்னொரு அழகான கதை. பின்பு ஜான் வில்லியம்ஸ் என்ற மதபோதகர் இங்கிருந்து கன்றுகளைப் பசிபிக் தீவான சமோவாவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அவை மற்றத் தீவுகளுக்குப் பரவின. ஆகவே பெயர் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தது என்பது உறுதி. செடி அங்கே பிறந்தது என்பது தவறு; அந்த வகை வாழை தென்சீனா, வியட்நாம் பக்கத்திலிருந்து மொரீஷியஸுக்குப் போனது. நம் பழக்கடைகளில் குட்டைக் கேவண்டிஷுக்கு 'மோரிஸ்' என்றும் 'பச்சை வாழை' என்றும் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். மோரிஸ் என்ற பெயரில் அந்தத் தீவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, டியூக் இல்லை. தேனிப் பக்கம் திசு வளர்ப்பில் பெருகியிருக்கும் ஜி-9 அதே கேவண்டிஷ் குழுவைச் சேர்ந்தது என்றாலும், அது வேறு நாடுகளில் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ரகம். அதன் பாட்டியைச் சாட்ஸ்வொர்த்தில் தேட வேண்டியதில்லை.

மாளிகையும் கிராமமும் இப்போது யாருடையவை என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மேற்சொன்னதோடு அது தொடர்புடையது. பத்தாம் டியூக் சொத்தை முன்கூட்டியே மகனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். வரியிலிருந்து விடுபட அதன்பின் ஐந்து ஆண்டு உயிரோடிருக்க வேண்டும். சில மாதங்களே குறைய, 1950 நவம்பரில் அவர் 55 வயதில் இறந்தார். 80 விழுக்காடு இறப்பு வரி விழுந்தது. பெஸ் கட்டிய இன்னொரு மாளிகையான ஹார்ட்விக், ஹோல்பைன் எட்டாம் ஹென்றியை வரைந்த பெரிய வரைவோவியம், பல்லாயிரம் ஏக்கர் நிலம் எல்லாம் கைமாறிப் போயின. 1981-இல் அமைத்த அறக்கட்டளை ஒன்று மாளிகையை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. குடும்பம் தான் வசிக்கும் பகுதிக்கு அந்த அறக்கட்டளைக்கு வாடகை கொடுக்கிறது. என்சர் கிராமம் மட்டும் இன்றும் எஸ்டேட் சொத்துதான். அங்கே குடியிருப்பவர்களும் வாடகைக்காரர்கள்தான்.

மறுபடி போகும் வாய்ப்பு அமைந்தால், மாளிகை வாசலில் இறங்காமல் என்சர் தேவாலயத்தில் தொடங்குங்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் பாக்ஸ்டனின் கல்லறையும், டியூக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து 1948-இல் விமான விபத்தில் இறந்த கேத்லீன் கென்னடியின் கல்லறையும் இருக்கின்றன. அண்ணன் ஜான் கென்னடி அமெரிக்க அதிபராக 1963 ஜூன் 29 அன்று அங்கே வந்து நின்றதைக் குறிக்கும் கல் அதன் முன்னே பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து சாலையைக் கடந்து, அந்த ஒற்றை வீட்டை ஒரு பக்கம் விட்டுப் பாலத்தை நோக்கிப் புல்லில் நடந்து போங்கள். குளிர்காலத்துப் பிற்பகல் என்றால் நல்லது. வெயில் தாழ்வாக விழும்போது பழைய ஏர்ச்சால்களின் நிழல் எழுந்து தெரியும்.